எக்ஸ்ப்ளோரட்டரி என்றால் என்ன?

போன செவ்வாய்க்கிழமை என் மகள் சுமதி வேலை முடிந்து வந்தாள். நர்ஸ் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"ம்மா, வெளிநாட்டுல, பெர்த்ல ஒரு ஹாஸ்பிட்டல்ல கூப்பிட்டிருக்காங்க. அஞ்சு நாள். எக்ஸ்ப்ளோரட்டரி விசிட்."

"அப்படின்னா?"

"ச்சும்மா போய்ப் பாக்கறது லா. புடிச்சா யோசிக்கலாம். ஒண்ணும் முடிவாகல."

தொடக்கப்பள்ளியோடு நின்றவள்தான் நான். ஆனாலும் அந்தச் சொல்லை முன்பே கேட்டிருக்கிறேன். அவள் அப்பா வயிற்று வலியில் படுத்திருந்தபோது டாக்டர் சொன்னார் - எக்ஸ்ப்ளோரட்டரி ஆப்பரேஷன். உள்ளே என்ன என்று தெரியாது, திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். கையெழுத்துப் போட்டேன். திறந்து பார்த்தார்கள். பார்த்தபின் செய்ய ஒன்றும் இருக்கவில்லை...

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் 'சும்மா பார்த்துவிட்டுப் போகிறோம்' என்றுதான் வந்தார்கள். கீழே நின்ற டாக்ஸியில் பூவும் தட்டும் தயாராக இருந்தன!

இன்னும் முடிவெடுக்காதவர்கள் சொல்ல வேண்டிய சொல் அது. எடுத்துவிட்டவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுநாள் முட்டிவலியோடு மளிகை வாங்க சிராங்கூன் சாலைக்குப் போனேன். மிளகாய், மல்லி, பருப்பு எல்லாம் வாங்கினேன். மகள் அஞ்சு நாள் பெர்த் போகிறாள் என்றேன். கடைக்காரர் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"அஞ்சு நாளுக்கா அக்கா? அந்த ஊர்ல மெஸ் வைக்கப் போறாங்களா உங்க மக?"

சிரித்து வைத்தேன். காசை எண்ணிக் கொடுத்தேன்.

வறுத்து, அரைத்து, ரசப்பொடி, சாம்பார்ப்பொடி, பருப்புப்பொடி கட்டினேன். காயவைத்த கறிவேப்பிலையும் ஒரு பொட்டலம். சனிக்கிழமை மாலை பையோடு அவள் அறைக்குப் போனேன். பெட்டி திறந்து கிடந்தது. துணிகளுக்கு மேலே ஒரு ஃபைல்... அவளுடைய டிகிரி, நர்ஸிங் சான்றிதழ்கள், பர்த் சர்ட்டிஃபிகேட்.

அவள் என் பையைப் பார்த்தாள்.

"ம்மா! கறிவேப்பிலையா? அங்க ஏர்போர்ட்லயே ஃபைன் போட்டுடுவாங்க லா!"

"காயவச்சதுதான்டி."

"அஞ்சு நாள் போறவளுக்கு ஆறு மாசப் பொடியா?"

"அஞ்சு நாள் போறவளுக்கு பர்த் சர்ட்டிஃபிகேட் எதுக்கு?"

இருவரும் சிரித்தோம். அந்தச் சொல்லை அவளும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சாயங்காலம் கதவில் அவள் சாவி திரும்பும் சத்தம் கேட்டால்தான் நான் அரிசியைக் களைவேன். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இத்தனை வருடம் எனக்காகவே எங்கும் போகாமல் இருந்தவளைப் போகாதே என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை சாங்கி ஏர்போர்ட்டில், 'பத்திரமா போய்ட்டு வா' என்று சொல்லத்தான் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். வாய் வேறு சொல்லிவிட்டது.

"நீ இங்கேயே இருக்கணும்னு எனக்கு ஆசைடி."

சுமதி பெட்டியைக் கீழே வைத்தாள். "இதை ஏம்மா செவ்வாக்கிழமையே சொல்லல?"

"நீ கேக்கலையே."

"கேட்டா அழுதுடுவேன்னு பயந்தேன்மா."

"புடிச்சிருந்தா அங்கயே வேலைக்குச் சேரு. என் ஆசை என்னன்னு தெரிஞ்சு போ. அவ்வளவுதான்."

கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

இன்று மூன்றாவது நாள். தினமும் வீடியோ காலில் ஊரைக் காட்டுகிறாள் - ஆறு, பெரிய ஆகாயம், ஹாஸ்பிட்டல் கேன்டீன். பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நேற்று ஏதோ ஒரு வீட்டு வாசலில் நின்று போனைக் கீழே சாய்த்துக் காட்டினாள்.

"ம்மா, பாருங்க... இந்த வீட்ல படியே இல்ல. நீங்க இங்க வந்தா உங்க முட்டிக்கு நல்லது."

முட்டிவலி எல்லாம் போயே போச்சு என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன். பொய்தான்!