கோலெஜ் வேண்டாம் என்றேன்

இந்த ஊரில் வழி கேட்டால் யாரும் ஆள்காட்டி விரலை நீட்டுவதில்லை. மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு கட்டைவிரலால் காட்டுகிறார்கள். விரல் நீட்டுவது மரியாதைக் குறைவாம். நம் ஊரில் சின்னப் பிள்ளைகள் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினால் ‘உனக்கு ஒண்ணும் கிடையாது, போ’ என்று அர்த்தம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் இந்தக் காஹாங்குக்கு வந்த புதிதில், தபால் நிலையம் எங்கே என்று கேட்டதற்கு ஒரு மலாய்க்காரர் சிரித்துக்கொண்டே கட்டைவிரலைக் காட்டினார். கேலி செய்கிறார் என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். என் கணவர் இங்கே செம்பனை எண்ணெய் ஆலையில் பொறியாளர். “பாக்குறவங்களை எல்லாம் சந்தேகப்பட்டா இந்த ஊர்ல எப்படிக் காலம் தள்ளுறது?” என்றார். சந்தேகப்படாமல் எப்படிக் காலம் தள்ளுவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

விருதுநகர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள் நான். டிப்ளமோக்காரர்கள் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியும். அப்படிச் சேரப் போன கல்லூரி அலுவலகத்தில் வாயெல்லாம் பல்லாக ஒருவர் வரவேற்றார். “சீட்டு உறுதிம்மா, ஒரிஜினலை மட்டும் குடுத்துட்டுப் போங்க” என்றார். கொடுத்தோம். சீட்டும் வரவில்லை, ஒரிஜினலும் வரவில்லை. அப்பா நடையாய் நடந்து அதை மீட்டு வந்தபோது எல்லாக் கல்லூரிகளிலும் சேர்க்கை முடிந்திருந்தது. பிறகு ஒரு வேலை, பிறகு கல்யாணம். டிகிரி என்ற பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அன்றிலிருந்து சிடுசிடுக்கும் அதிகாரிகளைத்தான் நம்புகிறேன். சிரிப்பவர்களைக் கண்டால் கை தானாகச் சான்றிதழ் உறையை இறுக்கிக்கொள்கிறது.

அதனால்தான், ஜொகூரிலேயே ஒரு பல்கலைக்கழகம் என் டிப்ளமோவை ஏற்றுக்கொண்டு, முதலாண்டுப் பாடங்களைக் கழித்து டிகிரியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னபோது, மகிழ்ச்சிக்கு முன்னால் பயம் வந்தது. இவ்வளவு சுலபமாக யார் கொடுப்பார்கள்? காஹாங்கிலிருந்து குளுவாங்குக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். தினமும் முடியாது. வெளிநாட்டு மாணவர்களுக்கு வளாகத்துக்குள்ளேயே விடுதி அறை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, வார நாளில் அங்கே, சனி ஞாயிறு வீட்டில் என்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். அறை இருந்தால்தான் படிப்பு.

சேர்க்கைக்குப் போன அன்று கவுண்டரில் தூடோங் என்னும் தலைமுக்காடு அணிந்த ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரிஜினலை வாங்கி, நகலோடு ஒப்பிட்டு, முத்திரை குத்தி, உடனே என்னிடமே திருப்பித் தந்தாள். பிடித்து வைத்துக்கொள்ளக்கூட ஆசைப்படாத அட்மிஷன் என்ன அட்மிஷன்? நான் அதை மறுபடி அவள் பக்கம் தள்ளினேன். அவள் மறுபடி என் பக்கம் தள்ளினாள். அப்புறம் கேட்டாள்.

“காக், கோலெஜ் யூ வாண்ட்?”

காக் என்றால் அக்கா. அது தெரியும். கோலெஜும் தெரியாதா என்ன? வந்துவிட்டது விஷயம் என்று நினைத்தேன். பல்கலைக்கழகம் என்று கூப்பிட்டு வைத்து, மறுபடியும் என்னைக் காலேஜுக்கே அனுப்பப் பார்க்கிறார்கள்.

“நோ காலேஜ். காலேஜ் ஃபினிஷ்டு. இன் இந்தியா.”

அவள் புருவத்தைச் சுருக்கினாள். “பட் காஹாங் வெரி ஃபார் லா, காக்.”

தூரத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறாளே என்று எனக்குக் கோபம் பொங்கியது. “நோ காலேஜ்! ஒன்லி யூனிவர்சிட்டி!” வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கணினியில் எதையோ தட்டினாள். அந்தச் சிரிப்பு நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இந்த முறை ஏமாறவில்லை என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

வகுப்பு தொடங்கும் நாளுக்கு முந்தின நாள், விடுதி அறை தானாகக் கிடைத்துவிடும் என்ற நினைப்பில், பெட்டியோடு வளாகத்தில் போய் இறங்கினேன். மூவாரிலிருந்து படிக்க வந்த கஸ்தூரி என்ற தமிழ்ப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். “பசியாறிட்டீங்களா அக்கா?” என்றாள். இங்கே சாப்பிட்டாயா என்பதை அப்படித்தான் கேட்கிறார்கள். முன்பின் தெரியாதவள் என் வயிற்றை ஏன் விசாரிக்கிறாள் என்று தோன்றியது.

“எந்தக் கோலெஜ் கெடைச்சிச்சு?”

“காலேஜ் எல்லாம் எனக்குக் கெடையாதும்மா. நான் நேரா டிகிரி.”

“அப்ப இந்தப் பெட்டிய எங்க வைக்கப் போறீங்க?”

“ஹாஸ்டல்ல.”

“அலமாக்…” என்று நெற்றியில் கை வைத்தாள். “அக்கா, இங்க ஹாஸ்டலத்தான் கோலெஜ்னு சொல்வாங்க லா.”

அதே கவுண்டருக்கு ஓடினேன். அதே பெண். அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன, யாராவது காலி செய்தால் கூப்பிடுகிறோம் என்றாள். “யூ சே நோ, காக்” என்று மெதுவாகச் சொன்னாள். அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அங்கேயே நின்று அழுதேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அலுவலகம் எனக்கு நல்லது செய்ய நினைத்திருக்கிறது. அதை விரட்டியவள் நான்.

பெட்டியைத் தன் அறையில் வைத்துக்கொள்ளச் சொன்னாள் கஸ்தூரி. பரீட்சை நேரத்தில் வந்து தங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். இவளுக்கு இதில் என்ன லாபம் என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. பெட்டியைக் கொடுத்தேன். சான்றிதழ் உறையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டேன்.

படிப்பை விடவில்லை. விடியும் முன்னே கிளம்பி, இரண்டு பஸ் மாறிப் போகிறேன். மாலையில் வாசல் காவலாளி புதிய முகங்களை நிறுத்தி, “கோலெஜ் மானா?” என்று கேட்கிறார். எந்தக் கோலெஜ் என்று அர்த்தம். நான் விரல்களை மடக்கிக் கட்டைவிரலால், வெளியே இருக்கும் பஸ் நிறுத்தத்தைக் காட்டுகிறேன். அவர் தலையாட்டி வழிவிடுகிறார்.

பஸ் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது விருதுநகரிலிருந்து அம்மா அழைப்பாள். “காலேஜ்ல இருந்து கெளம்பிட்டியாடி?”

“கெளம்பிட்டேம்மா” என்கிறேன். எனக்குக் கிடைக்காத கோலெஜிலிருந்து தினமும் கிளம்பி, வீடு வந்து சேர்கிறேன்.