பேச்சியம்மாவின் கோவாவும் பச்சைக் குருவியும்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு தேயிலைச் செடியைத் தலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்திதான் என் பள்ளிக்கூடம். இன்று ராகலையில் சொந்த மரக்கறிக் கடை. இப்படித் துணிந்த எனக்கே எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பேச்சியம்மாவின் துணிச்சல் வராது.

ஐம்பத்தேழு வயதில் கோயில் கூட்டத்தில் அவர் எழுந்து, "மாரியம்மன் திருவிழாச் சாப்பாட்டுக்கு அம்புட்டுக் கோவாவும் என் தோட்டத்துலேருந்துதான்" என்று சொல்லிவிட்டார். கோவா என்றால் முட்டைக்கோஸ். லயத்துக்குப் பின்னால் அவருக்கு இருந்ததோ ஒரு துண்டு நிலம். வாக்குத் தவறினால் தலை காட்ட முடியாது. கோவா உருண்டு வருகிற நேரம் பார்த்து, சாம்பல் தூவியதுபோல் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது!

"என்னக்கா, ஆத்தாளுக்குப் பூச்சிக் கூட்டா?" என்றாள் சுவரை ஒட்டிய அடுத்த காம்பிராவில் குடியிருந்த நாகலெட்சுமி.

"சிரிடி, சிரி. வாய் வலிக்கப் போவுது."

அப்போதுதான் வந்தது, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட பச்சைக் குருவி, சோடியாக! வேலியோரத் தேயிலைச் செடியில் கூடு. அந்தப் பந்தயத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அசுவினிக்கு ஆண் துணை வேண்டாம், நின்ற இடத்திலேயே குட்டி போடும். அந்தக் குட்டியும் சீக்கிரமே குட்டி போடும். குருவிக்கோ இரண்டே முட்டை. அப்பனும் ஆத்தாளும் மாறி மாறிப் பூச்சி பொறுக்கினால்தான் குஞ்சு பிழைக்கும். பூச்சி இலையில் வாயைக் குத்தினால் அசையாது. குருவி ஒரு நொடி சும்மா இராது, பாட்டு வேறு! லயமே இரண்டு கட்சி. நான் குருவிக் கட்சி.

அந்த வாரமே வேலியை ஒட்டிய தேயிலை மலையில் கவ்வாத்து. கூடு இருந்த செடி, நான் வெட்ட வேண்டிய நிரையில். பேச்சியம்மா ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"தம்பி, குஞ்சு பறக்குற வரைக்கும் இந்த ஒண்ண விட்டுடுப்பா. கூடு போனா குருவி போயிரும். குருவி போனா என் வார்த்த போயிரும்."

விட்டேன். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பாய்ந்து வந்தார்.

"ஏண்டா, கண்ணு தெரியலையா?"

"தெரியுதுங்க. மத்தவங்க பாதி நிரையில நிக்கிறாங்க, நான் முடிச்சிட்டேனுங்க. இந்த ஒண்ண அப்புறம் வந்து வெட்டுறேங்க."

தோட்டத்தில் என் வேகத்துக்கு ஆள் ஏது? முறைத்துவிட்டுப் போனார்.

குஞ்சுகள் பறந்ததும் செடியை வெட்டினேன். கோவாவில் ஓரத்து வரிசை பூச்சிக்குப் போயிற்று. மற்றதெல்லாம், மேலிலையை உரித்தால் உள்ளே கல்லுப்போல் வெள்ளை! கொழுந்து பறிக்கிற கூடையில் கூடை கூடையாகச் சுமந்து கோயில் வாசலில் கொட்டினார் பேச்சியம்மா.

"போதும்மா, அண்டா கொள்ளாது!" என்று கத்தினார் சமையல் பார்த்த கந்தப்பன்.

"அண்டா சின்னதா இருந்தா அதுக்கு நானா பொறுப்பு?" என்று கேட்டுவிட்டு அடுத்த கூடைக்குத் திரும்பினார் பேச்சியம்மா.