பெண் வீடா, மாப்பிள்ளை வீடா?

மஸ்கட்டில் எங்கள் அறையில் ஆறு கட்டில்கள். ஆறு பேருமே பாட்டுக் கேட்போம், ஆனால் அறையில் பாட்டுச் சத்தமே இருக்காது. ஒவ்வொருவர் காதிலும் ஒரு ஹெட்போன். எதிர்க் கட்டில் மலையாளி கால் கட்டைவிரலை ஆட்டுவார். மேல் கட்டில் பங்களாதேஷ்காரர் திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். என்ன பாட்டு என்று நான் கேட்டதில்லை, அவர்களும் என்னைக் கேட்டதில்லை. இத்தனை பாட்டு ஓடும் அறையில் ஃபிரிட்ஜின் உறுமல் மட்டும் கேட்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

என் காதில் ஓடுவது ‘கீழ்வானம் மெல்லிசைக் குழு’. தாம்பரம், பெருங்களத்தூர் பக்கத்து ஆட்களைத் தவிர யாருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்காது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி ஏ.சி. வேலை கற்றுக்கொண்டிருந்த வயதில், அம்மன் கோயில் ஆடித் திருவிழா, மாதா கோயில் தேர் என்று அவர்கள் எங்கே பாடினாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவேன். பாடகர் ஸ்டீபன் அண்ணன் ஒரு பழைய பாட்டுப் பாடுவார். குழலில் தொடங்கி, சரணத்தில் மெல்ல ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்றுவிட்டு இறங்கும். அந்த ஒரு நொடிக்காக ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நிற்பேன். நெஞ்செலும்பு அதிரும். ஒரு தடவைகூட அவரிடம் போய்ப் பேசியதில்லை. மைக் பிடித்தவரிடம் பேச என்னிடம் என்ன இருக்கிறது என்று சைக்கிளைத் திருப்பிவிடுவேன்.

இந்தமுறை விடுமுறையில் சேலையூர் வீட்டில் இருந்தபோது குழுவின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு செய்தி பார்த்தேன். தொண்டை ஒத்துழைக்கவில்லை, இந்த முகூர்த்த மாதத்தோடு பாடுவதை நிறுத்துகிறேன் என்று ஸ்டீபன் அண்ணன் எழுதியிருந்தார். கீழே அடுத்த நிகழ்ச்சி: சனிக்கிழமை மாலை, சிட்லபாக்கம், திருமண வரவேற்பு. எனக்குத் திங்கட்கிழமை விமானம். அந்தப் பாட்டை நேரில் கேட்க இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

இஸ்திரி போட்ட சட்டையை எடுத்ததும் மனைவி சாந்தி கேட்டாள்.

“யார் வூட்டு கல்யாணம்?”

“தெரியாது.”

“பத்திரிகை?”

“இல்ல. பாட்டு கேட்டுட்டு வந்துடறேன்.”

“ஓசி சாப்பாட்டுக்கு மண்டபத்துல நுழையுறவனைப் பாத்திருக்கேன். பாட்டுக்கு நுழையுறவர் நீங்க ஒருத்தர்தாங்க,” என்று சிரித்தாள். பிறகு, “யாராவது கேட்டா மாப்பிள்ளை வீடுன்னு சொல்லுங்க. அவங்க பக்கம்தான் யார் எவர்னு தெரியாம கூட்டம் வரும்” என்று யோசனையும் சொல்லி அனுப்பினாள்.

சாப்பிடக் கூடாது, பாட்டு மட்டும்தான் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பன்னீர் தெளித்த பெண்ணைப் பார்க்காமல் நடந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்தால் வாசலில் நிற்பவர்கள் கண்ணில் படுவேன் என்று நடுவுக்குப் போனேன். நடுவில் ஒரு குடும்பம் வந்து நெருக்கியது, எழுந்து ஓரத்துக்குப் போனேன். யாராவது என் பக்கம் திரும்பினால் செல்போனை எடுத்துக் காதில் வைத்தேன். ‘மாப்பிள்ளை வீடு, மாப்பிள்ளை வீடு’ என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பெரிய மேடையில் மணமக்கள். பக்கத்தில் சின்ன மேடையில் கீழ்வானம். ஸ்டீபன் அண்ணனுக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவே ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் குடித்தார். எனக்கு முன்னால் நூறு நாற்காலிகள் இருக்கும், கேட்பவர் ஒருவரும் இல்லை. பாதிப் பேர் மேடைக்கு வரிசையில் நின்றார்கள், மீதிப் பேர் பந்திக்கு. நம் ஊர்க் கல்யாணத்தில் பாட்டு மின்விசிறி மாதிரி. ஓடும்வரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, நின்றால்தான் பார்ப்பார்கள்.

மஸ்கட்டில் ஒருமுறை ஹோட்டல் ஹாலில் ஏ.சி. பழுது பார்க்க ஏணியில் நின்றபோது, கீழே நான்கு பேர் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் ஸ்பூன் சத்தம்கூட இல்லாமல் கேட்டது. முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். ஏணியிலிருந்தபடியே நானும் தட்டினேன். அன்று ஒட்டிக்கொண்ட பழக்கமாக இருக்க வேண்டும். ஸ்டீபன் அண்ணன் பாட்டை முடித்ததும் என் கைகள் தாமாகத் தட்டிவிட்டன. மண்டபத்தில் நான் ஒருவன் மட்டும். முன்னால் நின்ற தலைகள் திரும்பின. சத்தம் நின்றபோதுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது.

“நன்றி சார்! இந்த சீசன்லயே மொத கைதட்டல்,” என்றார் ஸ்டீபன் அண்ணன், மைக்கில். “பொண்ணு வீடா சார், மாப்பிள்ளை வீடா?”

பயிற்சி செய்த பதில் வரவில்லை. எழுந்து நின்றேன். அத்தனை வருடம் நான் பேசாமல் திரும்பிய மனிதர் என்னைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்.

“சரி, அத விடுங்க. என்ன பாட்டு வேணும்? அதையாவது சொல்லுங்க.”

அதைச் சொல்ல முடிந்தது. அவர் முகம் ஒரு கணம் மாறியது. தொண்டையைத் தொட்டுக்கொண்டார். “அதுவா? மேல போறது கஷ்டம் சார். பாக்கலாம்” என்று குழல்காரர் பக்கம் திரும்பினார்.

நான் உட்கார்வதற்குள் பட்டுச் சட்டை போட்ட ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துவிட்டார். பெண்ணின் தாய்மாமா. “எங்கேர்ந்து வரீங்க?”

பொய் சொல்ல வரவில்லை. “மஸ்கட்.”

“அடடே! நம்ம மாப்பிள்ளைகூட வேலை செஞ்சவரா?”

“இல்லைங்க, அவர் யாருன்னே...”

“மாப்பிள்ளை துபாய், நீங்க மஸ்கட். எல்லாம் அந்தப் பக்கம்தான சார்! அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துட்டு ஓரமா குந்தினுக்கீறீங்க. வாங்க மேல, பஸ்ட்டு போட்டோ, அப்புறம் சாப்பாடு.”

குழல் தொடங்கிவிட்டது. தாய்மாமா வரிசையைப் பிளந்து என்னை இழுத்துக்கொண்டு போனார். பாட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மேடையில் மணமகன் என் கையைக் குலுக்கிவிட்டுப் பெண்ணைப் பார்த்தான், உங்கள் ஆளா என்பது போல. பெண் அவனைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து என் காலைத் தொட்டார்கள். யாரென்று தெரியாத அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். சரணத்தில் ஏறிக்கொண்டிருந்த ஸ்டீபன் அண்ணன், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்துப் பாடினார். அது காலி. கண்களை வாசல்வரை ஓட்டினார். கேட்டவன் எழுந்து பந்திக்குப் போய்விட்டான் என்றுதானே நினைப்பார்?

“அண்ணா, இங்க பாருங்க, லைட்டா சிரிங்க,” என்றார் போட்டோக்காரர்.

நான் பக்கவாட்டில் திரும்பிக் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட அப்படித் தூக்கியதில்லை. ஸ்டீபன் அண்ணன் பார்த்துவிட்டார். உச்சி வந்தது. குரல் பிசிறி, அந்த இடத்தை எட்டாமல் நின்றது. ஆனால் அந்த ஒரு நொடி நிற்பதை மட்டும் அவர் விடவில்லை. என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. ஃபிளாஷ் அடித்தது.

சாப்பிடாமல் வெளியே வந்துவிட்டேன். திங்கட்கிழமை விமானம் ஏறினேன். இப்போது இந்தக் கட்டிலில் படுத்து ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு, சிட்லபாக்கத்தில் ஏதோ ஒரு வீட்டில் விரியும் கல்யாண ஆல்பத்தை நினைத்துக்கொள்கிறேன். மணமக்களுக்குப் பக்கத்தில் ஒரு நடுவயது ஆள். கேமராவைப் பார்க்காமல், படத்துக்கு வெளியே யாருக்கோ கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

“இவர் யாரு, உங்க பக்கமா?” என்பான் மாப்பிள்ளை.

“இல்லையே, உங்க பக்கம்னுல்ல நெனச்சேன்” என்பாள் அவள்.