நடக்கிறவளுக்கு ஒரு வீல்சேர்

நடக்கத் தெரிந்த பெண்ணை வீல்சேரில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டவர் நீங்கள், அறக்கட்டளைத் தலைவரே. அவளை அதில் உட்காரச் சொன்னவன் நான். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பீளமேட்டில் ஒரு வாடகை வீட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையம் நடத்துகிறேன். எங்களுக்கு வேண்டியது ஒரு பிசியோதெரபிஸ்டின் சம்பளம். அதைத் தர ஆள் கிடைப்பதில்லை. சம்பளத்தைப் படம் எடுக்க முடியாது. பிறந்தநாளுக்குப் பிரியாணி வரும், தீபாவளிக்குப் போர்வை வரும். உங்களிடமிருந்து வருடா வருடம் வீல்சேர் வரும்.

"இந்த வருசம் பத்து வண்டிங்க. பத்துப் பேரைக் கூட்டிட்டு வந்துருங்க. விழா நல்லபடியா முடிஞ்சா உங்க சம்பள விசயத்தையும் பார்க்கலாமுங்க" என்றார் போன வருடம் உங்கள் மேலாளர். வீல்சேரில் போகிறவர்கள் எங்களிடம் ஒன்பது பேர்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்தாவதாக அவளைக் கூட்டிப் போனேன்.

அவளுக்கு இருபத்தாறு வயது. பிறவியிலேயே கால்களில் பலம் இல்லை. எங்களிடம் பிசியோதெரபிஸ்ட் இருந்த இரண்டு வருடத்தில், காலுக்குத் தாங்கலாக இரும்புக் காலிப்பர் மாட்டிக்கொண்டு சுவரோரமாக விழுந்து விழுந்து நடக்கப் பழகினாள். ஊன்றுகோல் வைத்துப் படியும் ஏறினாள். காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், நான் அனுப்பிய விண்ணப்பத்தையும் படத்தையும் மட்டும் பார்த்து, மாடியில் பில் போடும் வேலைக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார். அவளுக்கு அது முதல் வேலை.

மேடைக்குப் பின்னால் வண்டியைப் பார்த்ததும் சொன்னாள்: "நான் நடந்தே வாரனுங்க சார். நாலு படிதான இருக்குது."

"அஞ்சு நிமிசம் உக்காந்துக்க அம்மணி. போட்டோ எடுத்ததும் எந்திரிச்சுக்கலாம்."

"நடக்கறதுக்கு ரெண்டு வருசமாச்சு. உக்கார்றதுக்கு அஞ்சே நிமிசந்தானுங்களா?"

பக்கத்து வண்டியில் இருந்தவர் சிரித்தார். "உக்காரு கண்ணு. எனக்கு இது மூணாவது வண்டி. ஒண்ணுல எங்கூட்டுல துணி காயப்போடறாங்க."

அவளும் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். ஊன்றுகோலை வாங்கித் திரைக்குப் பின்னால் வைத்தேன். அது படத்தில் தெரியக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கே தோன்றியது.

மூன்றாம் நாள் காந்திபுரத்தில் உங்கள் பேனர் நின்றது. நீங்கள் கும்பிட்டபடி, அவள் வீல்சேரில். அன்றே கடைக்காரர் போன் செய்தார்.

"ஏனுங்க, பேனர்ல பார்த்தனுங்க. புள்ளைக்கு நடக்கவே ஆகாதாட்ட இருக்குதுங்களே? நம்ம கடையில லிப்ட் இல்லீங்க."

"இல்லீங்க, நல்லா நடக்குமுங்க. படியும் ஏறுமுங்க."

"அப்புறம் வண்டி எதுக்குங்க வாங்குச்சு? அவிங்களை ஏமாத்துனீங்களா, என்னைய ஏமாத்தறீங்களா?"

'அவர்களைத்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு வேலை கிடைத்திருக்கும். ஆனால் அது உங்கள் காதுக்கு வந்தால் பிசியோதெரபிஸ்ட் சம்பளம் போய்விடும் என்று பயந்தேன். "கொஞ்சம் சிரமப்பட்டுத்தானுங்க நடக்கும்" என்று இழுத்தேன்.

"அப்ப வேண்டாமுங்க. உழுந்துபோட்டா நம்ம பேரு கெட்டுருமுங்க."

அவளிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் ஒளிந்து திரிந்தேன். கடைசியில் அவளே வந்து நின்றாள். "கடைக்கே போய்க் கேட்டுப்போட்டனுங்க சார். நாலு படி ஏறிக் காட்டட்டுமான்னேன். உங்க சாரே சிரமம்னு சொல்லிப்போட்டாருங்கறாரு." என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உங்கள் மேலாளர் சொன்ன சம்பளமும் வரவில்லை. போன வாரம் கடிதம்தான் வந்தது: இந்த வருடம் பன்னிரண்டு வண்டி, பன்னிரண்டு பேர்.

நான் ஒருவரையும் அனுப்பப் போவதில்லை. விழாவுக்கு நான் மட்டும் வருவேன். கடைக்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவள் நடப்பாள் என்பதையும், அவளை வைத்து உங்களை ஏமாற்றியதையும், அதை மறைக்க அவள் வேலையைக் கெடுத்ததையும் மைக்கில் நானே சொல்கிறேன். அதன்பிறகு நீங்கள் பேச வேண்டும். ஒன்பது பேர்தான் என்று நான் அன்றைக்கே சொல்லியிருந்தால், ஒரு வண்டியைக் குறைத்திருப்பீர்களா, எங்கள் மையத்தையே கைவிட்டிருப்பீர்களா? உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்துச் சொல்ல வேண்டாம். அதே மேடையில், எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்.