வரதராஜாவின் கம்பிச் சுருள்

யாழ்ப்பாணத்தில் முப்பது வருஷம் றேடியோ திருத்திய வரதராஜாவுக்கு மெல்பேர்னில் கிடைத்தது பிஸ்கட் பெட்டி அடுக்கும் வேலை. மனைவி சந்திரகலாவுக்குப் பாரிசவாதம் வந்ததும் அதையும் விட்டார். சமைப்பார், குளிப்பாட்டுவார், தூக்கி இருத்துவார். எல்லாம் ஒழுங்கு. சிகரெட் மட்டும் நாளுக்கு ஒரு பெட்டி.

2012இல் டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இன்னும் ஒரு வருஷம் பிடித்தால் மனைவியைத் தூக்க மூச்சு இராது. தூக்க ஆளில்லாவிட்டால் சந்திரகலா முதியோர் இல்லத்துக்குத்தான். அவவோ அங்கே போகவே மாட்டேன் என்று நின்றா.

வரதராஜா மின்சிகரெட்டுக்கு மாறினார். அதற்குள் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்கள், கடையில் வாங்கியவை, கிழமைக்கு ஒன்று கருகின. திருத்தத் தெரிந்தவர் அதைப் பொறுப்பாரா? தானே கம்பி சுற்றிப் போடும் வகையை வாங்கினார். தலைமயிர் தடிப்பில் கம்பி, ஊசியில் ஆறு சுற்று, நடுவில் திரி. சுருளின் மின்தடை ஒன்றரை ஓம்ஸுக்குக் குறைந்தால் மின்சாரம் கூடப் பாய்ந்து பற்றரி கொதிக்கும். றேடியோ திருத்த வைத்திருந்த அவருடைய மீற்றர் சரியாக ஒன்றரை காட்டியது. ஆனாலும் இழுத்தால் கருகல் ருசி. பற்றரியைக் கையில் பிடிக்க ஏலாது. நாலு சுருள் சுற்றினார், நாலும் அப்படியே.

ஐந்தாம் நாள், ஸ்பிரிங்வேலில் நான் வேலை செய்த பகல் பராமரிப்பு நிலையத்துக்கு மனைவியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டைப்பையில் உடைக்காத சிகரெட் பெட்டி.

"என்ன வரதர் இது?"

"மீற்றர் பொய் சொல்லுது அக்கா. நான் தோத்துப்போனன்."

"ஊராற்ற றேடியோ எல்லாம் திருத்தினவர், ஒரு துண்டுக் கம்பியிட்டத் தோத்திட்டாராம்," என்றா சந்திரகலா. பாரிசவாதம் அவவுடைய நாக்கைத் தொடவில்லை.

அன்று நிறை எடுக்கும் நாள். சக்கரக் கதிரையோடு அவவைத் தராசில் ஏற்றினேன். எண்பத்திரண்டு கிலோ.

"அக்கா, கதிரையின்ர பாரத்தையும் என்ர தலையில கட்டிப்போடாதேங்கோ!"

"கட்டமாட்டன். கதிரை பதினெட்டு. நீர் அறுபத்துநாலு."

வரதராஜா துள்ளி எழும்பினார். "வயர்! அக்கா, மீற்றரின்ர வயர்! மூன்று மணிக்கு வாறன்."

"ஆளைப் பாருங்கோ, என்னைத் தராசில விட்டிட்டு ஓடுறார்!"

மூன்று மணிக்கு வந்து விளக்கினார். மீற்றரின் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தால், சுருள் இல்லாமலே அரை ஓம்ஸ் காட்டியது. றேடியோவில் அளப்பதெல்லாம் ஆயிரக்கணக்கில். அங்கே இந்த அரையை ஒருவரும் கழிப்பதில்லை. அவரும் கழித்துப் பழகவில்லை. ஒன்றரை என்று நம்பியது உண்மையில் ஒன்று. ஆறு சுற்றை ஒன்பதாக்கினார். மீற்றர் இரண்டு காட்டியது. அரை போக ஒன்றரை. பற்றரி இளஞ்சூட்டோடு நின்றது. சிகரெட் பெட்டியை எங்கள் குப்பைவாளியில் அவரே போட்டார்.

பதினாலு மாதமாகிறது. போன கிழமை மூச்சுப் பரிசோதனை செய்தார்கள். நுரையீரல் திருந்தவில்லை, மேலும் கெடவும் இல்லை. சந்திரகலாவைத் தூக்க அது போதும்.