விளக்குச் சூட்டில் பாடிய ரேடியோ

1963 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு நாற்பது. மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. வித்துராவுக்கு மேலே, மின்சாரம் எட்டாத ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கெழுதிய காலம். மனைவியும் மகளும் திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டை வீட்டில். அன்று ஏழு மணிக்கு மகள் வானொலியில் முதன்முதலாகப் பாடுகிறாள். பதினைந்து நிமிடம், நேரடி ஒலிபரப்பு; தவறவிட்டால் போனதுதான். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை.

என் அக்காள் கணவர் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவர். இதற்காகவே வெளிநாட்டு மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றை எனக்கு வாங்க ஏற்பாடு செய்து, தானும் கூட வந்திருந்தார். அதன் புகைக்குழாயைச் சுற்றிப் படிகத் துண்டுகள். அவற்றுக்கு வெளியே தகடுகள். உள்பக்கம் சூடு, வெளிப்பக்கம் குளிர். அந்த வித்தியாசத்தில் மின்சாரம் பிறந்து ரேடியோ பாடும்.

அன்று ரேடியோ முனகியது. ஆறு ஐம்பத்திரண்டு.

"வெளிப்பக்கம் இன்னும் குளிரணும், அவ்வளவுதான்," என்று அத்திம்பேர் தோள் துண்டை நனைத்தார்.

"வேண்டாம் அத்திம்பேர். சூட்டில ஈரம் பட்டா லாந்தர் கண்ணாடியே தெறிக்கும்."

"இது கண்ணாடி இல்லடா. நீ கூட்டல் கழித்தல் பாரு, கேட்டியா? சயின்ஸை நான் பாத்துக்கறேன்."

துணியைத் தகடுகள் மேல் சுற்றினார். அறிவிப்பாளர் குரல் கணீரென்று எழுந்தது. "பாத்தியா!" என்றார். பிறகு 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், ரேடியோ அடங்கிவிட்டது. அந்தப் படிகம் அழுத்தினால் தாங்கும். ஒரு பக்கம் விரிந்திருக்க மறுபக்கம் சட்டென்று சுருங்கி இழுத்தால், ஏடு ஏடாகப் பிளந்துவிடும். துண்டுகள் சங்கிலிபோல் கோத்தவை. ஒன்று பிளந்ததும் எல்லாம் நின்றது. விளக்கு மட்டும் நன்றாக எரிந்தது. ஏழேகால் வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன்.

"அப்பா, கேட்டேளா?" என்று மகள் வாசலுக்கே ஓடி வந்தாள். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.

"கேட்டேன். மோகனம் ரொம்ப நன்னா இருந்தது."

"நேரம் போறாதுன்னு ஸ்டேஷன்ல மோகனத்தை விட்டுடச் சொல்லிட்டாளேப்பா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பின் அவள் ஒன்பது முறை வானொலியில் பாடினாள். ஒவ்வொரு முறையும் சம்பளம் போனாலும் போகட்டும் என்று மலையிறங்கி வந்து, வீட்டு ரேடியோவின் முன் உட்கார்ந்து கேட்டேன். பஸ் கட்டணமும் சம்பளப் பிடித்தமும் தடவைக்கு எட்டு ரூபாய்; ஒன்பதுக்கு எழுபத்திரண்டு. விளக்கு எண்பத்தைந்து. ஆக, அன்று கேட்காமல் போன பதினைந்து நிமிடத்துக்கு நூற்றைம்பத்தேழு ரூபாய்.