உப்பு முடிச்சும் அருவிப் பாறையும்

"…உப்பு இல்லாம இந்தப் பாறைய விட்டு ஒரு அடி எறங்க மாட்டேன், ஆமா. நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. நான் இங்கனயே ஒரு குடிசையப் போட்டு இருந்துக்கிறேன்" என்று மதினி காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

மதினி என் அண்ணன் மனைவி. யானை எதிரே வந்தாலும் ஒரு கும்பிடு போட்டு வழி கேட்பார். காலில் ஏறி ரத்தம் உறிஞ்சும் அட்டை என்றால் ஆள் வெலவெலத்துப் போவார். போடிமெட்டுக்கு மேலே இருக்கும் இந்த அருவிக்கு அண்ணன் எத்தனையோ முறை கூப்பிட்டும் வராதவர், துணியில் முடிந்த உப்பை நம்பித்தான் இந்தத் தடவை ஜீப்பில் ஏறினார். ஏலத் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் இடுப்பில் செருகியிருப்பார்களே, அந்த முடிச்சு. நனைத்து ஒற்றினால் அட்டை விழுந்துவிடும்.

வரும்போது பாதை காய்ந்து கிடந்தது. ஒரு அட்டையைக்கூடக் காணோம். குளித்துவிட்டுப் பாறையில் ஏறினால் பசி. போடிக்காரர்கள் எங்கே போனாலும் பையில் மாங்காய் இருக்கும். முதல் காயைப் பாறையில் அடித்து உடைத்தவர் மதினி. முடிச்சை அவிழ்த்தவரும் அவரே. மாங்காயோடு உப்பும் தீர்ந்த நேரத்தில் சடசடவென்று ஒரு மழை. நின்றதும் பார்த்தால், பாதைச் சருகெல்லாம் நெளிகிறது.

"அவுத்தது யாரு மதினி?" என்றேன்.

"கடைசி வரைக்கும் தொட்டு நக்குனது யாரு கொழுந்தனாரே?"

"நான் தூக்கிட்டுப் போறேன், வா" என்றார் அண்ணன்.

"கேஸ் சிலிண்டர உள்ள வைக்கவே பக்கத்து வீட்டு ஆளக் கூப்புடுறீக. என்னையத் தூக்கப் போறீகளாக்கும்!"

மேலே ரோட்டில் ஹாரன் அடித்தது. தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் கடைசி ஜீப்பு. காத்திருக்காது. அண்ணனுக்குக் கவலை வந்தால் பசிக்கும். மிச்சப் புளிச்சோற்றைப் பிரித்து, ஊறுகாய் டப்பாவைத் திறந்தார்.

மதினியின் கண் அதில் நின்றது.

"ஏங்க, இந்தத் தடவ ஊறுகாயில உப்பக் கொட்டிட்டேன்னு கத்துனீகள்ல?"

"வாயில வைக்க முடியலயே, பின்ன?"

டப்பாவைப் பிடுங்கினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எலுமிச்சை ஊறுகாயை இரண்டு காலிலும் முழங்கால் வரைக்கும் மருதாணி மாதிரி அப்பினார். விரலில் ஒட்டியதை நக்கிக்கொண்டே, எங்களைத் திரும்பிப் பாராமல், சருகுக்குள் இறங்கி விறுவிறுவென்று மேலே ஏறினார்.